ஒரு மாதம் வீட்டுக்குள் வந்த பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். நீங்கள் எப்படிக் குறைக்கிறீர்கள்?

காஞ்சனா_தாம்பரம்

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்த பிளாஸ்டிக் கவர், டப்பா எதையும் வெளியே போடவில்லை. கழுவிக் காயவைத்துப் பழைய அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டில் நாலு பேர்: நான், கணவர், மாமியார், பத்தாவது படிக்கும் மகன். மாதக் கடைசியில் ஹாலில் ஒரு பழைய புடவையை விரித்துச் சாக்கைக் கவிழ்த்தோம். மகன் எண்ணினான், நான் எழுதினேன்.

பால் கவர் 62. பையில்லாமல் கடைக்குப் போன நாள்களில் வந்த மெல்லிய கவர் 41. பருப்பு, ரவை, மிளகாய்த்தூள் வகையறா பாக்கெட் 27. பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட் உறை 53. ஷாம்பு சாஷே 16. ஓட்டல் பார்சலில் வந்த கறுப்பு, வெள்ளை டப்பா 19. சாம்பார், சட்னி கட்டித் தந்த சின்னக் கவர் 34. எல்லாம் சேர்ந்து எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். ஆனால் சாக்கு கழுத்து வரை நிரம்பியிருந்தது.

நான் தேதியும் குறித்து வைத்திருந்தேன். அதனால்தான் ஒரு விஷயம் புரிந்தது. அந்த 41 கவரில் முக்கால்வாசி, சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் வந்தவை. தக்காளி, கொத்தமல்லி, பூ, மகனுக்கு வடை. காலையில் கிளம்பும்போது சாயங்காலம் என்ன வாங்குவோம் என்று யாருக்குத் தெரியும்? பை வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குப்பைத் தொட்டிப் பக்கம் எவ்வளவு யோசித்தாலும் இந்த 41 குறையாது. கடைக்காரர் கவரை உதறிப் பிரிப்பதற்கு முன்னால் நான் பையை நீட்டினால்தான் உண்டு.

இப்போது இரண்டு துணிப்பையைச் சுருட்டி ஆபீஸ் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். பால், பார்சல், சிப்ஸ் உறை, இந்த மூன்றுக்கும்தான் வழி தெரியவில்லை. உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

மலைப்பாதை_குன்னூர்

அக்கா, எண்ணிப் பார்த்தது பெரிய வேலை. எங்கள் நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை என்பது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இருக்கிறது. தண்ணீர் பாட்டிலும் இங்கே விற்கக் கூடாது. அதற்குப் பதில் ரோட்டோரம் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள், காசு போட்டால் நம் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம். மலையேறும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இருந்தாலும் சீசன் முடிந்ததும் காட்டோரமாக நடந்து போனால் மனசு கனத்துப் போகிறது. சிப்ஸ் உறைக்குள் உப்பு ருசி இருப்பதால் மான், காட்டெருமை எல்லாம் அதை நக்கும், சில சமயம் அப்படியே தின்றுவிடும். யானைச் சாணத்தில் மசாலா பாக்கெட் ஒட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த உறை மட்டும் எதிலும் சேராத ஜாதி, பழைய பேப்பர் கடைக்காரரும் எடுக்க மாட்டார்.

எங்கள் ஊரில் ஓரளவு பலன் தந்தது காசுதான். 2022இல் இங்கே டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புல்லுக்குள் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழிக்கும் பாட்டில் அதற்குப் பிறகு கண்ணெதிரே குறைந்தது. பத்து ரூபாய் என்றால் யாராவது ஒருவர் குனிந்து எடுக்கிறார்.

உடுமலை_மளிகை

நான் கடைக்காரன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் 14 பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை வந்தபோது நானும் கவர் வாங்குவதை நிறுத்தினேன். முதல் சில மாதம் ஜனங்கள் பையோடுதான் வந்தார்கள். அப்புறம் தள்ளுவண்டியில் கவர் கிடைக்க ஆரம்பித்தது. “அவர் கொடுக்கிறாரே, நீங்கள் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுச் சாமானை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. முந்நூறு ரூபாய் வியாபாரம் ஐம்பது பைசா கவரால் போகும். எனக்கும் கடை வாடகை இருக்கிறது.

இன்னொன்று. துணி மாதிரி இருக்குமே, ஜவுளிக்கடையிலும் ஸ்வீட் கடையிலும் கலர் கலராகக் கொடுக்கிறார்களே, அந்தப் பையைத் துணிப்பை என்று நம்பி வாங்குகிறார்கள். அது நெய்த துணி இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். அந்த 14 பொருளில் அதுவும் ஒன்று. ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், கருகாது, உருகிச் சொட்டும். பேப்பர் கப்பும் அப்படித்தான். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லையென்றால் டீயை ஊற்றியதும் ஊறிப்போகும். அந்தக் கப்பும் தடைப் பட்டியலில் இருக்கிறது.

சரி, குறை மட்டும் சொல்லவில்லை. டப்பா கொண்டுவாருங்கள். வெறும் டப்பாவை முதலில் தராசில் வைத்து ஜீரோ செய்துவிட்டு அப்புறம் பருப்பைப் போடுவேன், எடை ஒரு கிராம்கூட அதிகமாக வராது. என் கடையில் மூட்டையில் இருக்கும் துவரை, உளுந்து, வெல்லம், புளி எல்லாம் அப்படி வாங்கலாம். மாதச் சாமான் லிஸ்டையும் டப்பாக்களையும் முதல் நாளே கொடுத்துவிட்டால் கூட்டமில்லாத மதியத்தில் போட்டு வைத்துவிடுவேன். அவசரமாக வந்து நின்றுகொண்டு டப்பாவை நீட்டினால்தான் சிரமம், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். எங்கள் ஊரில் இப்போது ஒன்பது குடும்பம் இப்படி வாங்குகிறது. ஒன்பதும் அந்தந்த வீட்டு அம்மாக்கள் ஆரம்பித்தது.

சோழிங்கநல்லூர்_பிரபு

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடமாக வீட்டில் ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, உலர்ந்த குப்பைக்கு நீலக் கூடை என்று பிரிக்கிறேன். போன மாதம் ஒருநாள் பால்கனியிலிருந்து பார்த்தேன். எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டினார்கள். அன்றைக்கு என் மனைவி, “இனிமேல் எதுக்குங்க இந்தக் கஷ்டம்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பெருங்குடி குப்பைமேட்டைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரை நிற்கிறது. அங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை வருடக்கணக்காக நடக்கிறது. நாம் இன்று கலந்து போடுவதை நாளைக்கு இன்னொருவர் காசு செலவழித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அது தெரிந்தும் மனசு சோர்ந்து போகிறது.

செல்வி_உலர்கழிவு

பிரபு சார், உங்களுக்காகத்தான் இங்கே கணக்கு ஆரம்பித்து எழுதுகிறேன். இத்தனை நாள் படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

உலர்ந்த குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வண்டி வந்ததும் தரையில் கொட்டுவார்கள், ஏழு பெண்கள் சுற்றி உட்காருவோம். ஒரே தொட்டியில் கொட்டினாலும், கட்டிய பை கட்டியபடியே வந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். தூக்கும்போதே லேசாக, சலசலவென்று சத்தம் வரும். அந்தப் பையை முதலில் எடுத்துத் தனியாக வைப்போம். அதுதான் அன்றைய காசு. பாட்டில், பால் கவர், அட்டை, எண்ணெய் கேன் எல்லாம் சுத்தமாக இருக்கும். கனமாக, ஈரமாக, சூடாகக்கூட இருக்கும் பை என்றால் உள்ளே சோறும் டயப்பரும் கவரும் ஒன்றாகப் புளித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அதைப் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் அதிலிருந்து ஒரு கவரைக்கூட விற்க முடியாது. குழம்பு பட்ட கவரை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார்.

என் இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. உடைந்த டியூப்லைட், தயிர்சாதத்துக்குள் இருந்தது. கையுறை போட்டிருந்தும் கிழித்துவிட்டது. கண்ணாடி, பிளேடு, ஊசி என்றால் பழைய அட்டையில் சுற்றி, மேலே பேனாவால் எழுதித் தனியாகக் கொடுங்கள். நாப்கினைப் பேப்பரில் சுற்றி ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பிரிப்பவருக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டிய நிலை வராது. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் சார், அந்த நீலக் கூடை யாரோ ஒருத்திக்குக் கண்டிப்பாகப் போய்ச் சேர்கிறது.

காஞ்சனா அக்கா கேட்டதற்கு: பால் கவருக்கு நல்ல விலை உண்டு. ஒன்றே ஒன்று கவனியுங்கள். வெட்டும்போது மூலையை முழுசாகத் துண்டாக்காதீர்கள், கவரோடு ஒட்டித் தொங்கட்டும். அந்த முக்கோணத் துண்டை எங்களால் பொறுக்க முடியாது. சாக்கடை, மாட்டு வயிறு என்று அதுதான் எல்லா இடத்துக்கும் போகும். சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, சாஷே எல்லாம் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒட்டிச் செய்வதால் உருக்கி மறுபடி பிளாஸ்டிக் ஆக்க முடியாது. சுத்தமாகச் சேர்ந்தால் மூட்டை கட்டிச் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவார்கள். கறுப்பு டப்பாவையும் எங்கள் பக்கம் யாரும் எடுப்பதில்லை. அதனால் அந்த 53, அந்த 19, இந்த இரண்டையும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

சோழிங்கநல்லூர்_பிரபு

செல்வி அக்கா, இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் கூடையை மறுபடி எடுத்து வைத்தாள். நன்றி.

வதனி_யாழ்ப்பாணம்

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டிலும் இதே கதைதான். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகளுக்கு மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் தாளுக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் முதல் கடைகளில் ஷொப்பிங் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்றும் ஆகிவிட்டது. காசு என்றவுடன் என் தம்பியே மோட்டார்சைக்கிளில் ஒரு பை கொழுவிக்கொண்டு திரிகிறான்.

ஆனால் எனக்கு நினைவு வருவது அம்மம்மா வீடு. சந்தைக்குப் போக பனையோலைக் கடகம் என்ற கூடை, மீன் வாங்க உமல் என்ற ஓலைப்பை. கூழ் குடிக்கப் பனையோலையை மடித்துப் பிளா என்ற கிண்ணம் கோலித் தருவார். வீட்டில் குப்பை என்று ஒரு வாளியே இருக்கவில்லை. வளவு (வீட்டைச் சுற்றிய நிலம்) மூலையில் ஒரு கிடங்கு, அதாவது குழி, அவ்வளவுதான். கடகம் இழைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஒன்று வாங்கினால் வருடக்கணக்காக உழைக்கும், காசும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

பணிநிறைவு_ஆசிரியர்

தங்கை வதனி உமலைச் சொன்னதும் எனக்கு மஞ்சப்பை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைதான் வருடம் முழுக்கக் கடைக்குப் போகும். அப்புறம் மஞ்சப்பையோடு டவுனுக்குப் போனால் பட்டிக்காட்டான் என்று பார்க்கும் காலம் வந்தது. நானே கல்லூரியில் அதை மடித்துச் சட்டைக்குள் மறைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் ஆரம்பித்ததும், கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். போன தை மாதம் பேத்தி கல்யாணத்துக்கு 600 பை தைத்தோம். தையல்காரர் உள்ளூர்ப் பெண்மணி. பெயர், தேதி எதையும் அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயர் போட்ட பையை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சிலர் கூச்சப்படுவார்கள், அதனால்தான்.

பந்தியில் தண்ணீருக்குப் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். சமையல் காண்ட்ராக்டர் கழுவ ஆள் கூலி தனி என்றார். கொடுத்தோம். சம்பந்தி வீட்டார் முதலில் முகம் சுளித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

புது_அம்மா_திருச்சி

எல்லாரும் பேசுவதைப் படிக்கும்போது குற்ற உணர்வாக இருக்கிறது. குழந்தைக்கு ஐந்து மாதம், ஒரு நாளைக்கு ஆறு டயப்பர் போகிறது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது?

செல்வி_உலர்கழிவு

தங்கச்சி, குற்ற உணர்வு வேண்டாம். பகலில் வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டியில் லங்கோடு கட்டுங்கள், ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர் போடுங்கள். ஆறு இரண்டாகிவிடும். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, சுருட்டி, பேப்பரில் கட்டித் தனியாகக் கொடுங்கள். அது போதும்.

காஞ்சனா_தாம்பரம்

செல்வி, நீங்கள் எழுதியதை என் மாமியாரும் கேட்டார். அன்றிலிருந்து கத்தரிக்கோலால் பால் கவரில் பாதிதான் வெட்டுகிறார்.

ஒரு விஷயம் கேட்க விட்டுப்போச்சு. காய்த்தோல், சோறு எல்லாம் இன்னும் வண்டிக்குத்தான் போடுகிறேன். அபார்ட்மென்டில் உரம் போட முடியுமா? ஒருமுறை முயற்சி செய்து வாளி முழுக்கப் புழு வந்து, நாற்றம் தாங்காமல் தூக்கிப் போட்டேன்.

மொட்டைமாடி_கோமதி

முடியும் காஞ்சனா, நான் இரண்டாவது மாடியில் ஆறு வருடமாகப் போடுகிறேன். உங்கள் வாளியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லட்டுமா? வெறும் காய்த்தோலை மட்டும் போட்டிருப்பீர்கள். காய்த்தோலில் பெரும்பகுதி தண்ணீர். அது அடியில் தேங்கி, காற்று போகாமல் அழுகியிருக்கும். அதுதான் நாற்றம்.

ஒரு கைப்பிடி ஈரத்துக்கு இரண்டு கைப்பிடி காய்ந்தது, இதுதான் கணக்கு. காய்ந்தது என்றால் சருகு, தென்னை நார்த்தூள், கிழித்த அட்டை, மரத்தூள் எதுவானாலும் சரி. எங்கள் தெருவில் வேப்பஞ்சருகைக் கூட்டி எரிப்பார்கள், அதையெல்லாம் சாக்கில் வாங்கி வைத்துக்கொள்வேன். பழைய பெயின்ட் வாளியின் பக்கவாட்டில் கம்பியைக் காய்ச்சி இருபது துளை போடுங்கள். அடியிலும் ஐந்தாறு. கீழே ஒரு தட்டு. முதல் அடுக்கு சருகு, அப்புறம் அன்றன்றைய தோல், மேலே மறுபடி சருகு. தோல் கண்ணுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் ஈ வரும். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் சீக்கிரம் வேலை ஆரம்பிக்கும். நாலு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள்.

அள்ளிப் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு வருவதும் வராததுமாக இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் சருகு போதாது, உதிர்ந்து கொட்டினால் தண்ணீர் தெளிக்கணும். நன்றாக நடக்கிற வாளிக்குள் கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். முதன்முதலில் அந்தச் சூட்டைத் தொட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

நீங்கள் பார்த்த தடித்த புழு ஒரு வகை ஈயின் புழு, கடிக்காது, கெடுதலும் இல்லை. தோலைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சருகைக் கூட்டுங்கள், குறைந்துவிடும். மீன் முள், கறி, எண்ணெய் மிதக்கும் குழம்பு வேண்டாம். வாளி நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனை வரும், அதுதான் பதம். இப்போது என் வீட்டிலிருந்து வண்டிக்குக் குப்பை போவது வாரம் ஒருமுறைதான்.

மலைப்பாதை_குன்னூர்

கோமதி அக்கா, எங்கள் குளிருக்கு எத்தனை மாதம் ஆகும்?

மொட்டைமாடி_கோமதி

கூடுதலாகவே ஆகும் தம்பி. வாளியை வெயில் படும் இடத்தில் வைத்து மேலே பழைய சாக்கைப் போர்த்துங்கள். தோலைப் பொடிசாக நறுக்கிப் போட்டாலும் சீக்கிரம் மக்கும்.

உடுமலை_மளிகை

ஓட்டல் பார்சலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் மச்சான் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறார். தூக்கு கொண்டுவந்தால் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார். கவரில் ஊற்றி, நூல் சுற்றி முடிச்சுப் போடும் நேரமும் ஆளும் அவருக்கு மிச்சம். இட்லியை வாழையிலையில் கட்டிவிடலாம். காலை எட்டு மணிக் கூட்டத்தில் தூக்கை நீட்டினால் முதலில் அவர்களைத்தான் அனுப்புகிறார். பேப்பரை மட்டும் நேராகப் பலகாரத்தில் படும்படி சுற்ற வேண்டாம், அச்சு மை ஒட்டும். இலைக்கு வெளியே சுற்றினால் போதும்.

காஞ்சனா_தாம்பரம்

ஆவணிக் கணக்கையும் எடுத்துவிட்டேன், எழுதுகிறேன்.

பால் கவர் 62, அப்படியே இருக்கிறது. பசும்பால் வீட்டுக்கே கொண்டுவந்து ஊற்றுபவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. ஆனால் எல்லாம் கழுவி, துணி காயும் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்துச் சேர்த்திருக்கிறேன். மெல்லிய கவர் 41லிருந்து 6. அந்த ஆறும் மாமியார் கோயிலுக்குப் போன அன்று பூவும் பிரசாதமும் வாங்கி வந்தது. சட்னிக் கவர் 34லிருந்து 4. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் முதல் நாள் தூக்கை நீட்டியபோது எனக்குத்தான் கூச்சம், அந்த அம்மா ஒன்றுமே சொல்லாமல் வாங்கி ஊற்றினார். ஷாம்புக்குப் பதில் சீயக்காய் அரைத்தோம், கணவர் ஒத்துக்கொண்டார், மகன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கிவிட்டேன், சாஷே இல்லை. பிஸ்கட், சிப்ஸ் உறை 53லிருந்து 38. முறுக்கும் கடலை உருண்டையும் செய்து வைத்தும் இவ்வளவுதான் குறைந்தது. பத்தாவது படிக்கும் பையனை இதற்கு மேல் நான் வற்புறுத்தப் போவதில்லை, எண்ணிக்கையை அவன்தான் எழுதுகிறான், அவனுக்கே தெரிகிறது.

கோமதி சொன்னபடி பெயின்ட் வாளியில் துளை போட்டாச்சு. இன்று எட்டாவது நாள், கையை வைத்துப் பார்த்தேன், சூடு இருக்கிறது.

செல்வி, ஒரு சந்தேகம். பால் கவரை எத்தனை நாள் வரை சேர்த்து வைக்கலாம்? ஒரு சாக்கு நிறைந்த பிறகு கொடுத்தால் போதுமா?

செல்வி_உலர்கழிவு

போதும் அக்கா. உள்ளே ஈரமில்லாமல் காய்ந்திருந்தால் ஆறு மாதம் ஆனாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகாமல் தட்டையாக அடுக்கிக் கட்டிக் கொடுங்கள், எடை போட வசதியாக இருக்கும்.